வழிபாடு முடிந்த பிறகு ஒரு நிமிடம்



கோயிலில் அன்னதானம் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். கையில் தட்டு, அதில் மிஞ்சிய சாம்பார், கசக்கிய டிஷ்யூ, பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கத்தில் உள்ள தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறோம். நம்மில் பலர் செய்வது இதுதான்.

அந்தத் தொட்டி நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியாக இருந்தால்? சாம்பார் வழிந்து, அங்கே ஏற்கெனவே கிடக்கும் நல்ல அட்டைப் பெட்டிகளையும் காகிதத்தையும் நனைத்துவிடும். எண்ணெயும் உணவும் பட்ட காகிதம் மறுபயனீட்டுக்கு உதவாது. சிங்கப்பூரில் நீலத் தொட்டிகளில் போடப்படும் பொருள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படிப் பயன்படாமல் போகிறது.

அவை எரியாலைக்குச் செல்கின்றன. எரித்த சாம்பல் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதுவே நமக்கிருக்கும் ஒரே குப்பை நிரப்புமிடம். 2035ஆம் ஆண்டு வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று நம் மடியில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சிரமம்.

இதில் நம் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. திருவிழாவில் உடைத்த தேங்காய் மூடிகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. இரவு மழை பெய்கிறது. 20 காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரே வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். வீசியெறிந்த குவளையிலும் இப்படித்தான். டெங்கிக் காய்ச்சல் யாருக்கும் வரலாம். ஆனால் வயதானவர்களுக்கும் நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்களுக்கும் அது கடுமையாகக்கூடும். சாமி கும்பிட வந்த இடத்திலிருந்து நோயோடு வீடு திரும்பலாமா?

நாம் செய்ய வேண்டியவை எளியவை.

முதலாவது, சாப்பிட முடிந்த அளவு மட்டும் கேட்டு வாங்குங்கள். மிஞ்சிய உணவு, வாழையிலை, டிஷ்யூ, நுரைப் பெட்டி, அழுக்கான தட்டு ஆகியவை பொதுக் குப்பைத் தொட்டிக்கு உரியவை. பையை இறுகக் கட்டினால் எலியும் கரப்பான் பூச்சியும் அண்டா.

இரண்டாவது, போத்தல், பானக் கலன், அட்டைப் பெட்டி, பால்குடத்துக்கு வாங்கிய பால் பெட்டி ஆகியவை நீலத் தொட்டிக்கு உரியவை. போத்தலையும் பால் பெட்டியையும் காலி செய்து, ஒரு முறை அலசிப் போடுங்கள். விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்ப் போத்தலையும் நன்றாகக் கழுவிய பிறகே போட வேண்டும்.

மூன்றாவது, தேங்காய் மூடிகளைக் கவிழ்த்து வையுங்கள். அன்றைக்கே பையில் கட்டிப் பொதுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அவை நீலத் தொட்டிக்கு உரியவை அல்ல.

இது கோயிலுக்கு மட்டும் சொன்னதன்று. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க முன்பெல்லாம் வீட்டிலிருந்து தூக்குச் சட்டி கொண்டுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பழக்கத்தை மீண்டும் தொடங்கினால் அத்தனை நெகிழிக் கலன்களும் மிச்சம். தேவாலயத்தில் ஆராதனைக்குப் பின் தேநீர் அருந்தவும் சொந்தக் குவளை கொண்டுபோகலாம்.

பெரியோர்களே, அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் போகும் இளையர்கூட, "தம்பி, அதைக் கொட்டிவிட்டு இதில் போடப்பா" என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். தொட்டிகளின்மேல் தமிழிலும் எழுதி, படமும் ஒட்டி வைக்கும்படி உங்கள் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். எல்லாரும் போன பிறகு குனிந்து குப்பை பொறுக்கும் துப்புரவு ஊழியரின் முதுகுவலியும் அதனால் குறையும்.

அடுத்த முறை தட்டைக் கையில் எடுக்கும்போது ஒரு நிமிடம் நின்று, எது எந்தத் தொட்டிக்கு என்று பாருங்கள். வழிபட்ட இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்வதும் தொண்டுதான்.