எழுதாமல் போனவர்களின் வரலாறு



பத்தாண்டுகளாக எழுதப்பட்டவற்றைப் படித்து மகிழ்ந்தோம். எழுதப்படாத ஒன்றைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தது. அப்பணியில் மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. பிழைத்தவர்கள் நூல்கள் எழுதினர். நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் அதனினும் பன்மடங்கு. அவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

மீண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் எழுதவில்லை, பேசினார்கள். லயத்து வாசலில் அமர்ந்து அதைக் கேட்ட பிள்ளைகளே இன்று முதியவர்களாகிவிட்டனர். அவர்களும் மறைந்தால் அக்கதைகளும் மறையும்.

ஆகவே நம் வட்டம் மேற்கொள்ளும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்கு உங்கள் துணையை வேண்டுகிறேன். பொருள் உடையோர் பொருள் தருக. அதனினும் வேண்டுவது பொறுமையுள்ள செவி. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பல மணி நேர உழைப்பு வேண்டும். பேசுவோரின் இசைவைப் பெறுக. தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து, ஆவணங்களோடு ஒப்பிடுக. ஆனால் அவர்கள் பேச்சை நம் இலக்கணத்துக்காகத் திருத்த வேண்டா.

பதினோராம் ஆண்டில் நம்முள் ஒவ்வொருவரும் ஒரு முதியவர் முன் அமர்ந்து, “உங்கள் அப்பா என்ன சொன்னார்?” என்று கேட்போம். பிறகு நாம் பேசாதிருப்போம்.