வெப்சைட் யாருக்காக?



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் வெப்சைட், அதாவது இணையதளம், அமைப்பது பற்றியதாகும். நாம் இதைக் காலேஜில் படித்தவர்களல்ல. செய்து பார்த்தும், பிறர் செய்ததைக் கவனித்தும் தெரிந்து கொண்டதையே சொல்லப் போகின்றோம். ஆகையால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் 2021-இல் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. இப்பக்கத்தில் குடியிருப்போர் சங்கம், படிப்பகம், பள்ளிக்கூடம், சிறு வியாபாரம் ஆகிய எல்லோருக்கும் இப்போது ஒரு வெப்சைட் வேண்டும் என்கின்ற ஆசை வந்திருக்கின்றது. ஆசை நல்லதுதான். ஆனால் நடப்பது என்ன? நல்ல நேரம் பார்த்துத் துவக்கி, மாலை போட்டுப் போட்டோவும் எடுத்துக் கொள்ளுகின்றார்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், அது ஆளில்லாத சத்திரம் போல் கிடக்கின்றது. நேரம் பார்த்தவர்கள், "இது யாருக்காக? வருகிறவனுக்கு இங்கே என்ன வேலை?" என்கின்ற கேள்வியைக் கேட்கவில்லை. கேடெல்லாம் அதிலிருந்தே துவங்குகின்றது.

முதல் பக்கத்தில் தலைவர் படம், செயலாளர் படம், வாழ்த்துரை, வரவேற்புரை எல்லாம் இருக்கும். குடிதண்ணீர் லாரிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க வந்தவன், அந்த நம்பரை ஏழாவது பக்கத்தில் தேட வேண்டும். இது வந்தவனுக்குச் செய்யும் உபகாரமா, அல்லது வைத்தவர்கள் தங்களுக்கே செய்து கொண்ட அலங்காரமா? யோசித்துப் பாருங்கள்.

2015 டிசம்பர் மாத வெள்ளத்தை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அப்போது தொண்டு செய்ய முன்வந்த சிலர் 'சென்னைரெயின்ஸ்' என்று ஒரு தளத்தை அவசரமாக ஏற்படுத்தினார்கள். எங்கே தங்கலாம், எங்கே சோறு கிடைக்கும், யாருக்கு என்ன உதவி வேண்டும் என்பவைகளைத் திரட்டி வைத்தார்கள். அலங்காரத்துக்கு அங்கே நேரமில்லை. அவசியம் மாத்திரமே இருந்தது. வெப்சைட்டின் உபயோகம் என்ன என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த நிலைமையை மனதில் வைத்துக் கொண்டால் மற்றவை தானே விளங்கும். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் குறைவு, சிக்னலோ விட்டு விட்டு வருகின்றது. அப்போது பெரிய பெரிய படங்களையும், தானே ஓடுகின்ற வீடியோவையும் அடுக்கி வைத்திருக்கும் பக்கம் திறக்குமா? ஆகவே பக்கம் இலேசாக இருக்க வேண்டும். சிறிய போனில் விரலால் தொட்டுப் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கீழும் தேதி போட வேண்டும். போன வருஷத்து நம்பர் தேதியில்லாமல் கிடந்தால், அது ஆபத்துக் காலத்தில் ஆளைத் தப்பு வழியில் விடும். அதைவிட ஒன்றுமில்லாதிருப்பதே மேல்.

இன்னொரு பெருந்தவறு, எழுத்தைப் படமாக்கிப் போடுவதாகும். நோட்டீசைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிடுகின்றார்கள். அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. கண் தெரியாத தோழருக்குப் போனே பக்கத்தைப் படித்துச் சொல்லும் வசதி இன்று உண்டு. படத்திலுள்ள எழுத்து அதற்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்கு 2016-இல் சட்டமே வந்துவிட்டது. நாம் என்ன செய்ய வேண்டும்? எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும். படத்துக்கு இன்ன படமென்று ஒருவரி எழுதிச் சேர்க்க வேண்டும். வெளிர் சாம்பல் நிறத்தை வெள்ளை மேல் பூசாமல் கறுப்பாய்த் தெரியும்படி வைக்க வேண்டும். இவ்வளவுதான்.

தமிழெழுத்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. அச்சுக்கு இடைஞ்சலாயிருந்த எழுத்துக்களை 1935-லேயே 'குடிஅரசு' மாற்றிக் கையாண்டது. சர்க்கார் அதை ஏற்க 1978 வரை ஆயிற்று. கம்ப்யூட்டரிலும் இப்படியே ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு குறியீடு என்றிருந்து, ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாத கோலமாய்த் தெரிந்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் இதைச் சீர்படுத்த முயன்றார்கள். 2010-இல் தமிழ்நாட்டு சர்க்கார் யூனிகோடை ஏற்றது. இதற்குப் பிறகும் பழைய ஃபாண்டில் அடித்து ஏற்றுவது, வாசகனை வாசற்படியிலேயே திருப்பி அனுப்புவதாகும்.

அடுத்தது சொந்தம் பற்றியது. தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, அமைத்துக் கொடுத்தவரே தம் பெயரில் பதிந்து கொண்டு, பாஸ்வேர்டையும் தம்மிடமே வைத்துக் கொள்ளுவதுண்டு. கேட்டால் வாயில் நுழையாத சொற்களாகச் சொல்லுவார். புரோகிதர் மந்திரமும் இப்படித்தானே? அர்த்தம் நமக்குப் புரியக் கூடாது. தட்சணை மாத்திரம் தவறக் கூடாது! தோழர்களே, பெயர் சங்கத்தின் பேரில் இருக்கட்டும். வருஷச் சந்தா கட்டும் தேதி கணக்குப் புத்தகத்தில் ஏறட்டும். பாஸ்வேர்டு பொறுப்புள்ள இருவரிடம் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி தனியே இருக்கட்டும். அங்கத்தினர்களின் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் அவர்கள் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். இதற்கும் 2023-இல் சட்டம் செய்திருக்கின்றார்கள்.

இந்த வலையை ஜினிவாவுக்கருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சி சாலையில் 1989-இல் முதலில் யோசித்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர். 1993-இல் அந்தச் சாலை, இதை யார் வேண்டுமானாலும் காசின்றிக் கையாளலாம் என்று பொதுவாக்கி விட்டது. ஆகவே இது யாருடைய அக்கிரகாரமுமல்ல. ஏழை, கண்ணில்லாதவர், இங்கிலீஷ் தெரியாதவர் ஆகிய எவரும் உள்ளே வரமுடியாதபடி நாமே புதிதாக ஒரு வேலி போடலாமா?

கடைசியாக ஒரு சோதனை சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம். தளம் தயாரானதும், அதைப் பார்த்திராத ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடமோ, ஒரு கூலித் தோழரிடமோ போனைக் கொடுத்து, "இதில் இன்ன நம்பரைக் கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். பிறகு வாய் திறவாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகின்றாரோ அங்கே தப்பு இருக்கின்றது. தப்பு அவருடையதல்ல, நம்முடையது. அதைத் திருத்திவிட்டு இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் தானாகவே கண்டுபிடித்துக் கொண்டால், அன்றைக்குத்தான் உங்கள் வெப்சைட் துவக்கப்பட்டதாக அர்த்தம். அதற்கு நல்ல நேரம் வேறு பார்க்க வேண்டியதில்லை.