குடியை விட்டவன் உடம்பு



குடி கெடுதல் என்று சொல்லுவதற்காக நாம் இங்கு வரவில்லை. அதைக் குடிக்கிறவனே நம்மைவிட நன்றாய்ச் சொல்லுவான். விடுவதென்று துணிந்தவன் தன் உடம்பை எப்படிக் காப்பாற்றிக் கொள்ளுவது என்பதே இன்றைய விஷயம். இதைச் சொல்லுவாரில்லாததால் அநேகர் நாலாம் நாளே கடைக்குத் திரும்புகிறார்கள். சிலர் சுடுகாட்டிற்கே போய்விடுகிறார்கள்.

இந்தத் தஞ்சைச் சீமையில் நடவு, அறுப்பு என்றால் கூலி நெல்லோடு கள்ளுக்கும் காசு கொடுத்துப் பழக்கினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் 1940-களில் பண்ணையாட்கள் சங்கம் கண்டு எழுந்ததால் ஒழிந்தன. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால், அலுப்புக்குக் குடியே மருந்து என்கிற எண்ணம் மாத்திரம் ஒழியவில்லை. சர்க்காரோ 1948-ல் மாகாணம் முழுதும் மூடிற்று, 1971-ல் திறந்தது, 1974-ல் மூடிற்று, 1981-ல் மறுபடி திறந்தது. 2003 முதல் டாஸ்மாக் என்று தானே சில்லறைக்கும் விற்கிறது. இதை நம்பி நம் உடம்பை வைத்துக் கொள்ள முடியுமா?

மலைக்கு மாலை போட்டவன் ஒரு மண்டலம் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே கடையில் நிற்கிறான். அத்தனை நாள் தடுத்தது மணியா, அவன் மனமா? மனமென்றால், அதற்கு மாலை எதற்கு?

ஆனால், வெகு காலம் தினமும் நிறையக் குடித்தவன் மன உறுதியை மாத்திரம் நம்பித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. ஓரிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றுவான். இதைத்தான் நம்மவர்கள் பேய் பிடித்ததாகச் சொல்லி வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போகிறார்கள்! பூசாரி உடுக்கையை எடுப்பதற்குள் உயிர் போய்விடக்கூடும். தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஆகவே, நிறுத்துமுன்பே டாக்டரிடம் போக வேண்டும். எவ்வளவு குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைட்டமின் பி1 ஊசியைக் குளுக்கோசுக்கு முன்னரே போடுவார்கள். குடிகாரனுக்கு அந்தச் சத்து வற்றிப் போயிருக்கும். அது குறைந்தால் கால் தள்ளாடும், மூளையும் கெடும்.

இங்கே நாம் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. அந்தச் சத்து நெல்லின் தவிட்டில் இருக்கிறது. தீட்டின அரிசி தின்ற கோழிக்குக் கால் விழுந்ததையும் தவிடு கொடுக்கக் குணமானதையும் ஜாவாவில் ஐக்மன் என்னும் டாக்டர் 1890-களில் கண்டு, 1929-ல் நோபல் பரிசு பெற்றார். நெல் விளைக்கிற நாமோ தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு வெள்ளைச் சோறு உண்கிறோம். சம்பா அறுப்பில் தெளித்த உளுந்தும் பயறும் விளைந்தால் அதையும் மூட்டை கட்டி விற்றுவிடுகிறோம். விட்டவன் வீட்டில் புழுங்கலரிசிச் சோறு, ஒரு கை பயறு, கீரை, முட்டை, முடிந்தால் மீன் இருக்கட்டும். கள்ளில் கொஞ்சம் சத்துண்டு என்பது பொய்யல்ல; அதைவிட அதிகம் ஒரு கிண்ணம் சுண்டலில் உண்டு. சாராயத்தில் அதுவுமில்லை.

வியர்க்க வேலை செய்தால் சாராயம் இறங்கிவிடும் என்பதும் தப்பு. அதை எரிப்பது ஈரல். வியர்வையில் போவது சொற்பம். முதல் வாரம் வெயிலில் மண்வெட்டி பிடிக்க வேண்டாம். தண்ணீரும் உப்பிட்ட மோரும் நிறையக் குடித்து, காலையிலும் மாலையிலும் ஆற்றங்கரையில் நடந்தால் போதும். தூக்கம் திரும்பப் பல வாரமாகலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். டாக்டர் சரியென்ற பிறகு சிலம்பம் சுற்றட்டும், சடுகுடு ஆடட்டும். அந்த ஆட்டத்தைக் கடைக்குக் கால் இழுக்கிற சாயங்கால வேளையில் வைத்துக் கொள்ளுங்கள். ஊர் வாலிபர்கள் அவனை வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால் காறித் துப்பாமல், மறு நாள் அதே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். பஸ் சார்ஜை நாமெல்லாரும் போட்டுக் கொள்ளுவோம்.