படலையைத் திறந்து வையுங்கள்

பிள்ளையின் கல்வி பாடசாலையில் தொடங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். நீண்டகாலம் ஆசிரியப் பணியில் இருந்த நான் அவ்வாறு எண்ணுவதில்லை. ஐந்து வயதில் எம்மிடம் வரும் பிள்ளையின் கேள்வியும் பார்வையும் பேச்சும் அதற்கு முன்னரே வீட்டில் உருப்பெற்றுவிடுகின்றன. அக்காலத்தில் அவ்வீட்டுப் படலையைத் தேடி வருபவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் அவரை மருத்துவ மாது என்பர்.

இலங்கையில் முதலாவது சுகாதாரப் பகுதி 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் தொடங்கப்பட்டது. வீடு தேடிச் செல்லும் இப்பணி அதன்வழியே நாடெங்கும் பரவியது. 1946இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்தளவுக்குக் குறைந்துள்ளது. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகியவற்றோடு இம்மாதரின் கால்நடைக்கும் அதில் பங்குண்டு.

நிலையத்தில் தராசு பிள்ளையின் நிறையை மட்டுமே கூறும். வீட்டிலோ கிணற்றின் நிலை, அடுப்பங்கரைப் புகை, தாயின் முகவாட்டம் ஆகிய யாவும் கண்ணிற்படும். ஆதலாலேயே பிள்ளை பிறந்த முதற் பத்து நாட்களுக்குள் இருமுறை அவர் வரவேண்டுமென விதித்துள்ளனர்.

எமது பாடசாலையில் ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு விடை கூறாது இருப்பான். கவனமற்ற பிள்ளையென ஓராண்டு காலம் நானும் கருதினேன். பின்னரே அவனுக்குச் செவிப்புலன் குறைவென அறிந்தோம். அவனுடைய வளர்ச்சிப் பதிவேட்டில் ஒன்பதாம் மாதத்திற்குப் பின் எதுவும் எழுதப்படவில்லை. வாடகை வீட்டிற்கு மாறி வந்த அக்குடும்பத்தைத் தேடி உத்தியோகத்தர் இருமுறை வந்தாராம். "வீடு கிடந்த கிடைக்கு, கதவைத் திறக்க வெட்கமாய் இருந்தது, ஐயா" என்றார் தாயார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. நாள்தோறும் அப்பிள்ளையைக் கண்டும் அறியாதிருந்தவன் நானல்லவா?

தாய்மாரே, வருபவர் உங்கள் வறுமையை அளக்க வருபவரல்லர். வீடு மாறினால் புதிய இடத்து உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளை ஓசைக்குத் திரும்பவில்லையென்றால் அதனை மறையாது கூறுங்கள். தந்தையரே, பாட்டிமாரே, அவர் வரும்போது நீங்களும் உடனிருந்து கேளுங்கள். கூட்டிப் பெருக்காத வீடாயினும் குறையில்லை. படலை திறந்திருந்தாற் போதும்.