ஜி.சி.சி. – எடுத்ததும் கொடுத்ததும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் சம்பந்தமாகப் பேசுப்பா, ஆனா போர் அடிக்காதே" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நான் பேசப்போவது கம்பைலரைப் பற்றி. பாதிக் கட்டளையை இப்போதே மீறியாச்சு, மன்னிக்கணும்.

நம்ம ஆய்வகத்தில் லினக்ஸ் மெஷினில் 'ஜி.சி.சி.' என்று மூன்றெழுத்து அடிக்கிறோமே, அந்தக் கம்பைலரை 1987-ல் வெளியிட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். முதலில் சி மொழிக்கு மட்டும்தான். அதே ஆண்டில் மைக்கேல் டீமன் என்பவர் அதன்மேல் சி பிளஸ் பிளஸ் மொழியை ஏற்றினார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் சோர்ஸ் கோடையும் அதே லைசென்ஸில் கொடுக்க வேண்டும். இதுதான் ஜி.பி.எல்.

இந்த லைசென்ஸ் இருந்தாலே போதும், எடுத்தவர்கள் செய்த மாற்றமெல்லாம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வந்து 1985-ல் ஆரம்பித்த நெக்ஸ்ட் கம்பெனியைப் பாருங்கள். அப்ஜெக்டிவ்-சி மொழிக்கான முன்பகுதியை அவர்கள் ஜி.சி.சி. மேலேதான் கட்டினார்கள். சோர்ஸைக் கொடுக்காமல் தங்கள் பகுதியைத் தனியாகத் தரப் பார்த்தார்கள். ஸ்டால்மன் ஒத்துக்கொள்ளவில்லை, சோர்ஸ் வெளியே வந்தது. ஆனால் அந்த மொழியில் எழுதிய புரோகிராம் ஓடுவதற்கு ஒரு ரன்டைம் நூலகம் வேண்டுமே, அது வரவில்லை! குனு தரப்பில் தனியாக ஒன்றை எழுத வேண்டியதாயிற்று. சோர்ஸ் கிடைப்பது வேறு, அது வேலைக்கு ஆவது வேறு.

இதை நான் என் வேலையிலேயே பார்த்தேன். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாமே) சொந்தமாக ஒரு சிப் செய்து, அதற்காக ஜி.சி.சி.யை மாற்றி வைத்திருந்தது. வாடிக்கையாளருக்கு சோர்ஸும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எந்த மாற்றத்தையும் ஜி.சி.சி. குழுவுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் போட்டிக் கம்பெனிக்கு லாபம் என்ற பயம். நடந்தது என்ன? ஜி.சி.சி.யில் ஆண்டுக்கு ஒரு பெரிய வெளியீடு வரும். உள்ளே ஃபங்ஷன் பெயர் மாறும், அதற்குக் கொடுக்க வேண்டியவை மாறும். எங்கள் பேட்சுகள் ஒட்டாது. இரண்டு பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டவைத்து முடிப்பதற்குள் அடுத்த வெளியீடு வாசலில் நிற்கும். ஒரு கட்டத்தில் "இந்த வருஷம் வேண்டாம்" என்று விட்டார்கள். அப்படியே சில வருஷம் போயிற்று. பிறகு வாடிக்கையாளர் புதிய சி பிளஸ் பிளஸ் கேட்டபோது கையில் பழைய கம்பைலர்தான் இருந்தது. அந்த ஒப்பந்தம் கை நழுவியது.

அதற்கப்புறம்தான் அனுப்பலாம் என்று அனுமதி வந்தது. முதலில் பேட்சுகளைப் பிரித்தோம். சில எங்கள் சிப்புக்கே உரியவை, சில ஜி.சி.சி.யின் பொதுப் பிழைக்கானவை. இந்த இரண்டாவது வகையில் பலவற்றை வெளியே வேறு யாரோ எப்போதோ சரிசெய்து விட்டிருந்தார்கள். நாங்கள்தான் பழைய மருந்தை வருஷாவருஷம் அரைத்துக்கொண்டிருந்தோம்.

மீதி இருந்ததில் ஒன்று என் பங்குக்கு வந்தது. பிழையைக் காட்டும் புரோகிராம் ஆயிரக்கணக்கான வரி. அதை வெட்டி வெட்டிப் பத்துப் பதினைந்து வரியாக்க வேண்டும். இதற்கு சி-ரெட்யூஸ் என்று ஒரு கருவி உண்டு, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அடுத்தது கம்பைலரை மூன்று கட்டமாகக் கட்டுவது. பழைய கம்பைலர் புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன்னையே மறுபடி கட்டும். அது இன்னொரு முறை கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேறுபட்டால் எங்கோ கோளாறு. கம்பைலருக்கு அதைவிடப் பெரிய புரோகிராமை வேறெங்கே போய்த் தேடுவது? அதையே தின்னக் கொடுக்கிறார்கள்! அதற்குப் பின் சோதனைத் தொகுப்பு முழுவதையும் பேட்சுக்கு முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிட வேண்டும்.

பேட்சைப் பரிசீலித்தவர், "இதை உங்கள் சிப்பின் ஃபைலில் ஏன் வைக்கிறீர்கள்? பொது இடத்தில் வைத்தால் மற்ற புராசஸர்களுக்கும் ஆகுமே" என்று கேட்டார். அப்படியே மாற்றினோம், அளவு பாதியானது. அந்தப் பத்து வரிப் புரோகிராமும் சோதனைத் தொகுப்பில் சேர்ந்தது. என்னைக் கேட்டால் பேட்சைவிட மதிப்பானது அதுதான். பிறகு உள்ளே யார் எதை மாற்றி எங்கள் பகுதி உடைந்தாலும் அவருடைய சோதனையிலேயே தெரிந்துவிடும், அவரே சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் மாதக்கணக்கு வேலை அந்த அளவுக்குக் குறைந்தது.

வாங்கிக்கொள்கிறவர்களும் சரியாக இருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில் ஜி.சி.சி.க்கு வந்த மாற்றங்கள் தேங்கிக் கிடந்தன. பொறுத்துப் பார்த்தவர்கள் 1997-ல் ஈ.ஜி.சி.எஸ். என்று தனிக்குடித்தனம் போனார்கள். அது நன்றாக ஓடியது. 1999-ல் அதையே அதிகாரபூர்வ ஜி.சி.சி.யாக ஏற்றுக்கொண்டார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். வேலையில் சேர்ந்ததும் நியமன உத்தரவை ஒரு தரம் நன்றாகப் படியுங்கள். நீங்கள் எழுதும் கோடு யாருக்குச் சொந்தம் என்று அதில் இருக்கும். ஜி.சி.சி.க்கு அனுப்ப முன்பெல்லாம் காப்புரிமையை எழுதிக்கொடுத்து, கம்பெனியின் கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது. 2021 முதல், இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லி ஒரு வரி சேர்த்தாலும் ஏற்கிறார்கள். அந்த வரியைப் போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாணவராக இருக்கும்போது இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, அதனால் இப்போதே தொடங்குவது நல்லது.

நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு நம்ம ஆய்வகத்தைத் திறந்துவைக்கத் துறைத் தலைவர் அனுமதி தந்திருக்கிறார். வருகிறவர்களோடு உட்கார்ந்து அந்த மூன்று கட்டத்தையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சில மணி நேரம் ஆகும், சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.