இறக்கத்தில் தெரியும் வேலைப்பாடு

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே நெடுந்தூரம் வருகிறது. செங்கோட்டை தாண்டி, புளியரையில்தான் மலையேறுகிறது. பழைய ஜீப்புக்கோ அம்பாசடருக்கோ வேறொரு பெரிய, புதிய என்ஜினை மாட்டிவிட்டால், வண்டிக்காரர்கள் அதைச் சோதிக்க நினைக்கும் இடம் இந்த ஏற்றம்தான். ‘எப்படி இழுக்குது?’ என்ற ஒரே கேள்வியில் மதிப்பீடு முடிந்துவிடுகிறது. இந்தக் கைவேலையை அப்படி மதிப்பிடுவது தவறு என்பது என் கட்சி. அதே வண்டி, ஏற்றத்துக்கு அப்பால் இருக்கும் ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு எப்படி இறங்குகிறது என்று பார்த்தால்தான் மெக்கானிக்கின் திறமை தெரியும்.

பழைய காருக்குள் பெரிய என்ஜினைத் திணிக்கும் மோகம் அமெரிக்காவில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரில் வளர்ந்தது. 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் என்ஜினைச் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. அதன் திறன் 65 குதிரைத்திறன். 1955-ல் செவர்லே கொண்டுவந்த எட்டு சிலிண்டர் என்ஜின் 162 குதிரைத்திறன் தந்தது. பழைய ஃபோர்டுகளுக்குள் இந்தப் புது என்ஜின் புகுந்தது. அங்கே நோக்கம் வேகம். நம் பக்கத்துக் கதை வேறு. டீசல் பெட்ரோலைவிட வெகு மலிவாக விற்ற காலத்தில், பெட்ரோல் ஜீப்பும் பெட்ரோல் அம்பாசடரும் டீசலுக்கு மாறின. வேகம் கூடவில்லை, சத்தம் கூடியது; ஆனால் வாடகை வண்டிக்குக் கட்டுபடியானது. அம்பாசடரில் அந்த மாற்றம் எளிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் 1489 சி.சி. டீசல் என்ஜினும் ஒரே பிரிட்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெரிய என்ஜின் என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள நல்ல சான்றும் அம்பாசடர்தான். அதைச் செய்தது கம்பெனியே. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உடலை வைத்துக்கொண்டு, 1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதற்குள் ஜப்பானிய இசுசு என்ஜினை வைத்தது. பழையது ஏறத்தாழ 50 குதிரைத்திறன். புதியது 1817 சி.சி., 75 குதிரைத்திறன். சி.சி. கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், திறனிலோ பழையதில் பாதி அளவு கூடுதல். ஆகவே ‘பெரிய என்ஜின்’ என்று நாம் சொன்னாலும், வித்தியாசத்தை உண்டாக்குவது அளவைவிடப் புதுமைதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பெனி என்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த நான்கு கியர் போய், தரையில் ஐந்து கியர் வந்தது. கூடிய திறனைச் சக்கரம்வரை கொண்டுபோகிற வழியும் சேர்ந்து மாற வேண்டும் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. ஒர்க் ஷாப்பில் அந்த வழியை மறந்தால், முதலில் போவது கிளட்ச், அடுத்து பின் அச்சின் கிரவுன் சக்கரம்.

இனி இறக்கத்துக்கு வருவோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 90-ல் போனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் சூடேறினால் பிடிப்பு குறையும். மலை இறக்கத்தில் அது ஆறுவதற்கும் நேரமில்லை. டீசலுக்கு மாறினால் வேறொரு சிக்கல். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை பிரேக் பூஸ்டர் பயன்படுத்திக்கொள்கிறது. பழைய டீசலில் காற்றுவழியை அடைக்கும் மூடி இல்லாததால் அந்த வெற்றிடம் கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். அதே காரணத்தால், கால் எடுத்ததும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்ஜின் இழுவையும் குறைவு. அம்பாசடருக்கு ஜீப்பைப் போலத் தனிச் சேஸ் கிடையாது, உடலே சட்டம். முன்பக்கத்தைத் தாங்குபவை முறுக்குத் தண்டுகள். கனமான என்ஜினை வைத்தால் மூக்கு இறங்கி, வளைவில் வண்டி அகலப் போகும். எஸ் வளைவில் அகலப் போனால் எதிரே பாறையோ லாரியோதான். புதிய பெட்ரோல் என்ஜின்களில் ஊசி முனைக்குப் பெட்ரோல் போகும் அழுத்தம், பழைய கார்புரேட்டர் வண்டியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. பழைய ரப்பர் குழாயும் கிளிப்பும் அதைத் தாங்காமல், சூடான என்ஜின்மேல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படாத இந்த வேலைகளுக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பளபளக்கும் ஏர் ஃபில்டருக்கு ஒன்றும் கிடையாது.

பழைமையைக் கெடுக்கலாமா என்பார்கள். நியாயமான கேள்வி. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்கே விண்டேஜ் தகுதி. அதற்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண்ணும் உண்டு. கோயம்புத்தூர் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் நிற்பது போன்ற அரிய வண்டியின் என்ஜினைக் கழற்றுவதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் 2014 வரை தயாரிப்பில் இருந்த அம்பாசடர் எல்லாவற்றையும் பொக்கிஷம் என்று சொல்வது மிகை. உதிரிபாகம் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் துருப்பிடிப்பதைவிட, ஓடும் என்ஜினோடு இருப்பது வண்டிக்கு மரியாதை. ஒரு நிபந்தனை மட்டும்: உடலை அறுக்காமல், வெல்டிங் வைக்காமல், போல்ட்டிலேயே மவுண்டிங் அமைத்து, பழைய என்ஜினையும் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பக் கொண்டுவர முடிகிற மாற்றத்துக்கே இந்த நியாயம் செல்லும்.

சட்டத்தின் எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. என்ஜின் மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ‘கைவேலையைச் சட்டம் நசுக்குகிறது’ என்று ஒர்க் ஷாப்புகளில் எழும் குறையில் எனக்கு அரை உடன்பாடுதான். வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் சொந்தமாகலாம், சாலை அப்படியல்ல. பிரேக் பிடிக்காத ஜீப்பின் முன்னால் பால்காரர் சைக்கிளில் வரலாம். ஆனால் தடை போடுவதோடு நின்றுவிடாமல், மாற்றிய வண்டியின் பிரேக்கையும் அச்சையும் எரிபொருள் குழாயையும் சோதித்துச் சான்று தரும் எளிய வழி வட்டார அளவில் இருந்தால், நல்ல மெக்கானிக்குக்கும் அரைகுறைக்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் ஏறும். இப்போது இருவருமே ஒளிந்து வேலை செய்கிறார்கள்.

பேட்டரிக்கு மாற்றும் வேலைக்கு அதே 52-ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கிட் என்றால் இடம் தருகிறது. இனிப் பழைய அம்பாசடருக்குள் மின் மோட்டார் வைப்பவர்கள் வரலாம். மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திருப்பித் தரும் என்பதால் இறக்கத்தில் பிரேக்குக்குச் சுமை குறையும். ஆனால் ஆரியங்காவில் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த உதவி கிடைக்காது, பேட்டரியின் எடையையும் சேர்த்து டிரம்தான் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை விலை பேசுகிறவர்கள் பேட்டரி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்குமுன், பிரேக்கில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்கட்டும்.