சார்மினார் வாசலில் ஓர் எழுத்து



இந்த உரையை எழுதும்போது என் மேசைமேல் ஒரு வெள்ளி ரூபாயை வைத்துக்கொண்டேன். நிஜாம் ஆட்சியில் ஹைதராபாத்தில் அடித்த காசு. ஒரு பக்கம் சார்மினார். அதன் நடு வளைவை, அதாவது வாசலை, உற்றுப் பாருங்கள். உள்ளே ஒரே ஓர் எழுத்து நிற்கும். அது 'மீம்' என்றால் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் காலத்துக் காசு. 'ஐன்' என்றால் 1911இல் பட்டத்துக்கு வந்த உஸ்மான் அலி கானுடையது. அதே காலத்துப் பிரிட்டிஷ் ரூபாயில் மன்னரின் தலை இருக்கும். இந்தக் காசில் தலை கிடையாது. மன்னர் தம் பெயரின் முதல் எழுத்தாக ஊரின் வாசலில் நிற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. காசில் 92 என்று பாரசீக இலக்கத்தில் இருக்கும். அதை ஏதோ வருஷம் என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். ஒரு நாணயச் சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர்தான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. மீம் 40, ஹே 8, மறுபடி மீம் 40, தால் 4. கூட்டினால் 92. இந்த எழுத்துகள் சேர்ந்தால் நபிகளின் பெயர். உருதுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் எனக்கு அன்று ஒரு காசு திறந்தது. சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நம் நாட்டில் இப்படிக் கூடிப் பார்க்கும் வழக்கம் பழையது. 1910இல் அலகாபாத்தில் காசு ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து இந்திய நாணயவியல் கழகத்தைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளோடு பிராம்ஜி தானாவாலா என்ற பார்சிக்காரரும் அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தார். அதன் பிறகு ஊருக்கு ஊர் சங்கங்கள் வந்தன. ஹைதராபாத் அதற்கு வாகான ஊர். 1803இல் மூன்றாம் நிஜாம் காலத்தில் சுல்தான் ஷாஹியில் அமைந்த நாணயச் சாலை, 1903இல் சைபாபாத்துக்கு வந்தது. 1950இல் மத்திய அரசின் கைக்குப் போனது, 1997இல் செர்லபள்ளிக்கு இடம் மாறியது. பழைய சைபாபாத் கட்டடத்தில் 2022இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். காசு அடிக்கும் ஊரில் காசு சேர்ப்பவர்கள் இல்லாமல் இருப்பார்களா?

கூட்டத்தில் என்ன நடக்கும்? பெரிய சடங்கு எதுவும் இல்லை. ஆளுக்கொரு ஆல்பம், பூதக்கண்ணாடி, ஒரு சின்ன மின் தராசு. யாராவது ஒருவர் ஒரே ஒரு காசைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் கேட்பார்கள், மறுப்பார்கள். பிறகு மாற்றிக்கொள்வதும் விற்பதும் வாங்குவதும். போலியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். வார்த்து எடுத்த போலியின் மேல் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும், விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், எடை சரியாக வராது.

தராசு போலியை மட்டும் பிடிக்காது, சரித்திரத்தையும் சொல்லும். நிஜாம் ராஜ்யத்தில் இரண்டு ரூபாய்கள் புழங்கின. நிஜாமின் ரூபாய்க்கு 'ஹாலி' என்று பேர், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 'கல்தார்'. ஏழு ஹாலி கொடுத்தால் ஆறு கல்தார். ஹைதராபாத்தில் 70 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவர் வேலூரில் இருக்கும் அம்மாவுக்கு அதை அப்படியே அனுப்பினால், அங்கே 60 ரூபாய்தான் போய்ச் சேரும். இதென்ன அநியாயம் என்று தோன்றும். நிறுத்துப் பாருங்கள். சார்மினார் ரூபாய் 11.18 கிராம், அதில் வெள்ளி நூற்றுக்கு 81.8 பங்கு. கல்தார் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 பங்கு. ஏழு ஹாலியில் இருக்கும் வெள்ளி சுமார் 64 கிராம். ஆறு கல்தாரில் இருப்பதும் சுமார் 64 கிராம்! ஒரு தராசும் கொஞ்சம் பெருக்கலும் போதும், இரண்டு அரசுகளின் கணக்கு நேராகிவிடுகிறது. இந்தப் பெருக்கலை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த பிறகும் சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே புழங்கின. 1959இல்தான் ஹாலி செல்லாததானது.

ஹைதராபாத் காசு ஆர்வலர்களில் ஒருவரைச் சொல்லாமல் போகமுடியாது. டாக்டர் ராஜா ரெட்டி. மூளை நரம்பு அறுவை மருத்துவர், நிம்ஸ் மருத்துவமனையின் இயக்குநராக இருந்தவர். அவரும் சூரியநாராயண ரெட்டியும் சேர்ந்து, தக்காணத்தை ஆண்ட சாதவாகனரின் நாணயங்களைப் பற்றி எழுதியவை ஆய்வாளர்கள் புரட்டும் நூல்கள். தொழிலாக இல்லாமல் ஆசையாகத் தொடங்கியது, ஆய்வாக முடிந்தது.

தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் கோட்டிலிங்காலா என்று ஓர் ஊர். அங்கே மண்ணில் கிடைத்த காசுகளை நரஹரி சர்மா என்ற ஆர்வலர் பொறுமையாகச் சேர்த்தார். அவற்றைக் கல்வெட்டு அறிஞர் பரப்ரஹ்ம சாஸ்திரி படித்தார். சில காசுகளில் 'சிமுக' என்ற பெயர் இருந்தது. சாதவாகன வம்சத்தின் முதல் அரசன் என்று புராணங்கள் சொல்லும் அதே சிமுகன் என்று அவர் கொண்டார். இன்னும் சிலவற்றில் கோபத, நாரண போன்ற, சாதவாகனருக்கு முந்திய பெயர்கள். சாதவாகனர் எங்கே தொடங்கினார்கள் என்ற வாதத்தில் தெலங்கானாவுக்கு அதனால்தான் வலுவான இடம் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள். அதே காசுகளை ஒரு வியாபாரி வாங்கி, எந்த ஊர்க் காசு என்று எழுதாமல் விற்றிருந்தால்? காசு மிஞ்சியிருக்கும், செய்தி செத்திருக்கும்.

தமிழர்களான நமக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம் வேறொரு மொழி. அதில் 'மகணகு' என்று ஒரு சொல். மகனுக்கு என்று பொருள். 'திரு' என்ற சொல்லும் உண்டு. இது தமிழா, பழைய தெலுங்கா, இரண்டுக்கும் பொதுவான நடையா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எதுவானாலும், 1,800 ஆண்டுகளுக்கு முன் தக்காணத்து அரசன் ஒருவன் நம் வீட்டுச் சொல்லைக் காசில் பொறித்திருக்கிறான். இங்கே தமிழ்நாட்டிலும் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அவரும் சேகரிப்பாளராகத் தொடங்கியவர்தான்.

நேயர்களே, உங்களிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பாட்டி வைத்த சுருக்குப்பையிலோ பூஜை அறைத் தட்டிலோ பழைய காசு இருந்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நான் சிறுவயதில் ஒரு செப்புக் காசை அப்படித் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. எழுத்து போய்விட்டது. இன்றுவரை அது யார் காசு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உருக்கக் கொடுக்காதீர்கள். ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில், இது யார் கொடுத்தது, எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதிக் காசோடு வையுங்கள். தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய காசு தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு.

பக்கத்தில் ஒரு நாணயச் சங்கம் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அதுவரைக்கும், பையில் இருக்கும் சில்லறையை எடுத்து ஆண்டு போட்ட இடத்தின் கீழே பாருங்கள். ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தால் அந்தக் காசு ஹைதராபாத்தில் அடித்தது.